சாமி பார்க்கிறவர்களைப் பார்ப்பது

அன்புள்ள ஐயா,
மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவத்தில் நீங்கள் எடுத்த படங்களைப் பார்த்தேன். ஒன்றில்கூட சாமி இல்லை. வேடிக்கை பார்க்கிற ஜனங்கள்தான். அவ்வளவு நிறம் இருக்கிற இடத்தில் ஏன் கறுப்பு வெள்ளை ஃபிலிம்? முன்பின் தெரியாதவர்களைக் கேட்காமல் எடுப்பது சரியா?
எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

ஆரம்பத்தில் நானும் சாமியைத்தான் எடுத்தேன், கலரில். பட்டு, குடை, பூ அலங்காரம் எல்லாம் நன்றாகவே விழுந்தன. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் அந்த நிறத்துக்குள் காணாமல் போனார்கள். ஒரு வருடம் கறுப்பு வெள்ளை ரோல் போட்டேன். செவ்வந்தியும் ஜரிகையும் சாம்பலாகிப் போக, கண் நேராக முகங்களுக்குப் போனது. பல்லக்கு நெருங்கும்போது கை தலைக்கு மேல் போகும், உதடு முணுமுணுக்கும். அந்த அரை நிமிடத்தில் யாருக்கும் கேமரா நினைவில் இருக்காது. அதற்காகத்தான் பங்குனி உற்சவத்தின் எட்டாம் நாள் பிற்பகல் மாட வீதிக்குப் போகிறேன்.

குறைந்த வெளிச்சத்துக்கும் தாங்கும் 400 வேக ஃபிலிம், சற்று அகலமாகப் பார்க்கும் 35 மி.மீ. லென்ஸ். தெருவில் வெயில் கொளுத்தும், முகங்கள் பந்தல் நிழலில் இருக்கும். அதனால் நிழலுக்குத்தான் வெளிச்ச அளவு: லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் நொடியில் 250இல் ஒரு பங்கு. ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறக்குறைய 2 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும், திருகிக்கொண்டே இருக்க வேண்டாம். ரோலுக்கு 36 படம்தான் என்பதால் காத்திருக்கப் பழகிவிட்டேன். எடுத்ததை உடனே பார்க்க முடியாததும் நல்லதுதான். கண் கூட்டத்தை விட்டு நகராது.

ஃபிலிமைக் கழுவும்போது மட்டும் அவசரம் கூடாது. அந்த மாதத்தில் சென்னைக் குழாய்த் தண்ணீர் கழுவும் மருந்துக்கு வேண்டிய 20 டிகிரியில் வராது, ஐஸ் போட்டுத்தான் இறக்க வேண்டும். ஒருமுறை சூட்டை இறக்காமல் அப்படியே கழுவினேன். நெகட்டிவ் கருத்துப்போய், பிரிண்டில் முகமெல்லாம் வெள்ளைத் திட்டு.

கேட்காமல் எடுப்பது சரியா என்பது எனக்கும் உறுத்துகிற கேள்வி. கேட்டால் அந்தக் கணம் போய்விடும். எடுத்தபின் கேமராவை இறக்கி அவரைப் பார்ப்பேன். தலையாட்டி மறுத்தால் அந்தப் படத்தை பிரிண்ட் போடுவதில்லை. குழந்தை என்றால் பெற்றவரிடம் பேசுவேன். அழுதவர்கள் படம் இரண்டு இருக்கின்றன, அவை நெகட்டிவாகவே இருக்கட்டும்.

முடிந்தவரை மறுவருடம் பிரிண்டோடு போய்த் தேடுகிறேன். நீர்மோர்ப் பந்தலில் ஒருவர் அதே இடத்தில் அகப்பட்டார். படத்தை வெகுநேரம் பார்த்தவர், “கறுப்பு வெள்ளையில எங்கப்பா மாதிரியே இருக்கேனே” என்றார். சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த ஆளுக்கு மோர் ஊற்றப் போய்விட்டார்.