குரல் அழைப்புச் செயலியில் நிகழ்நேர இரைச்சல் நீக்கத்தைச் சேர்ப்பது எப்படி?

உலாவியில் இயங்கும் குரல் அழைப்புச் செயலி ஒன்று வைத்திருக்கிறீர்கள். பேசுபவரைச் சுற்றியுள்ள சத்தத்தை அந்தக் கணமே நீக்க வேண்டும், அதற்கு எந்த மாடலை (குரலையும் சத்தத்தையும் பிரித்தறியப் பழக்கப்பட்ட மென்பொருளை) எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒலி மென்பொருளில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாடலைத் தேர்ந்தெடுப்பது எளிது. மைக்கிலிருந்து ஒலியை அதனிடம் கொண்டுபோய், நேரம் தவறாமல் திரும்ப எடுத்துவரும் பாதைதான் உங்கள் உழைப்பில் பெரும்பகுதியை வாங்கும்.

முதலில் உலாவியே தரும் இரைச்சல் நீக்கத்தைச் சோதித்துப் பாருங்கள். மைக் அனுமதி கேட்கும் இடத்தில் அது ஒரே ஓர் அமைப்பு. மின்விசிறி போன்ற சீரான ஓசைக்குப் பெரும்பாலும் அதுவே போதும். விசைப்பலகைத் தட்டல், நாய் குரைப்பு என்று திடீரென வருபவற்றில்தான் தடுமாறும். அது உங்கள் பயனர்களைத் தொந்தரவு செய்தால் ஆர்என்நாய்ஸுக்குப் போங்கள். ஜான்-மார்க் வாலின் உருவாக்கி 2017-இல் அறிமுகப்படுத்திய திறமூல இரைச்சல் நீக்க லைப்ரரி இது. சி மொழியில் இருப்பதால் வெப்அசெம்பிளியாக (உலாவியில் வேகமாக ஓடும் வடிவமாக) மாற்றிக்கொள்ளலாம், ஜிபியு (கிராபிக்ஸ் சில்லு) தேவையில்லை. டீப்ஃபில்டர்நெட் என்ற இன்னொரு மாடல் இன்னும் சுத்தமாக நீக்கும், ஆனால் சிபியுவை அதிகம் எடுத்துக்கொள்ளும். எதைச் சேர்த்தாலும் உலாவியின் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து இயங்கினால் குரல் உயிரற்றுப் போகும். எதிரொலி நீக்கத்தை மட்டும் அணைக்காதீர்கள். அது இரைச்சல் நீக்கத்துக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை.

இனி பாதைக்கு வருவோம். ஆர்என்நாய்ஸ் ஒரு தடவைக்குச் சரியாக 480 சாம்பிள் (ஒலியின் ஒரு கணத்து அளவீடு) கேட்கும். நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் அது 10 மில்லி விநாடி. உலாவியில் ஒலியைத் துண்டு துண்டாகக் கையாளும் ஆடியோ வொர்க்லெட், உங்கள் நிரலை அழைக்கும் ஒவ்வொரு முறையும் (இனி ‘அழைப்பு’ என்பது இதுதான், பயனரின் குரல் அழைப்பு அல்ல) 128 சாம்பிள்தான் தரும். அதே அழைப்பில் 128 சாம்பிளைத் திருப்பியும் கேட்கும். ஆகவே உள்ளே ஒரு வளையப் பஃபர் (சாம்பிள்களை வரிசையாகச் சேர்த்துவைக்கும் இடம்), வெளியே ஒரு வளையப் பஃபர் வேண்டும். வெளிப் பஃபரில் தொடக்கத்திலேயே கொஞ்சம் மௌனத்தை நிரப்பிவைக்கவும் வேண்டும்.

எவ்வளவு மௌனம்? முதல் மூன்று அழைப்புகளில் மாடலிடமிருந்து எதுவும் வராது, நான்காவதில் 480 சேர்ந்துவிடும், எனவே 384 போதும் என்று தோன்றும். போதாது. ஏழாவது அழைப்பு முடியும்போது நீங்கள் மொத்தம் 896 சாம்பிள் கொடுத்திருக்க வேண்டும். கையில் இருப்பதோ நிரப்பிய 384, மாடல் தந்த 480, ஆக 864. 32 சாம்பிள் குறைகிறது. கேட்பவர் காதில் ‘டிக்’ என்று விழும். பதினோராவது அழைப்பில் தேவையான மௌனம் 448 வரை ஏறும். 480 நிரப்பிவிட்டால் எப்போதும் குறை வராது. அதற்கு 10 மில்லி விநாடித் தாமதம். மாடலுக்குள்ளேயே குறைந்தது இன்னொரு 10. ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. நெட்வொர்க்குக்குப் போக மீதியில் இந்தத் தாமதம் அடங்கிவிடும்.

இதே இடத்தில் இன்னொன்றும் மறைந்திருக்கிறது. மூன்று அழைப்புகள் சும்மா கழியும். நான்காவது அழைப்புதான் மாடலின் முழு வேலையையும் சுமக்கும், அதுவும் தனக்குரிய 2.67 மில்லி விநாடிக்குள். சராசரி நேரத்தை அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். மிக மோசமான அழைப்பு எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளந்து பாருங்கள், பழைய போனில், பேட்டரி சேமிப்பை இயக்கிவிட்டு. இந்த அழைப்புகள் ஓடும் த்ரெட்டுக்குள் (தனி இயக்க இழைக்குள்) நினைவகம் ஒதுக்குவது, பூட்டுக்காகக் காத்திருப்பது, லாக் எழுதுவது எதுவும் கூடாது.

வெப் ஆடியோ சாம்பிள்கள் -1 முதல் 1 வரை இருக்கும். ஆர்என்நாய்ஸ் 16 பிட் அளவை (-32768 முதல் 32767 வரை) எதிர்பார்க்கிறது. கொடுக்கும்முன் 32768-ஆல் பெருக்குங்கள், வாங்கியபின் வகுத்துவிடுங்கள். ஸ்டீரியோ என்றால் ஒவ்வொரு சேனலுக்கும் மாடலின் தனி நிலை (முந்தைய ஒலியைப் பற்றி அது வைத்திருக்கும் நினைவு) வேண்டும். புளூடூத் ஹெட்செட்டின் மைக் 16,000 அல்லது 8,000 சாம்பிளில் வரக்கூடும். அதை 48,000-க்கு மாற்றிய பிறகே மாடலிடம் அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்: இரைச்சலை அடியோடு துடைக்க முயலாதீர்கள். ‘ஸ’, ‘ஃப’ போன்ற மெல்லிய ஒலிகள் இரைச்சலைப் போலவே இருப்பதால் அவையும் சேர்ந்து அடிபடும். காது சற்று மந்தமானவர்களுக்குப் பின்னணிச் சத்தத்தைவிட அந்த இழப்புதான் பெரிது. மூல ஒலியில் சிறு பங்கைக் கலந்துவிடுங்கள், ஆனால் மாடலுக்கு ஆகும் அதே தாமதத்தை மூலத்துக்கும் கொடுத்த பிறகு. இல்லாவிட்டால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். யாராவது வீணை வாசித்துக் காட்ட விரும்பினால் மாடல் அதையும் இரைச்சலாக எண்ணிக்கொள்ளும், ஆகவே நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் அவசியம். அதற்கும் இந்தக் கலவையே உதவும்: மூலத்தின் பங்கைச் சில மில்லி விநாடிகளில் முழுமைக்கு உயர்த்தினால், நிறுத்தும்போதும் ‘டிக்’ கேட்காது.