நடந்தால் கண் மங்குகிறது, நடக்கலாமா? எம்.எஸ். கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் பற்றியவை. பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் எனக்குப் பதில் தெரிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மருந்து பற்றிய கேள்விகளை உங்கள் நரம்பியல் மருத்துவரிடமே கேளுங்கள்.

இருபது நிமிடம் வேகமாக நடந்தால் வலது கண் மங்குகிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. நோய் முற்றுகிறதா? நடையை விட்டுவிடவா?

விட வேண்டாம். கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பது போல நரம்பிழைக்கு மேல் மயலின் என்ற உறை உண்டு. எம்.எஸ்.ஸில் உடலின் எதிர்ப்புச் சக்தியே அதை அங்கங்கே அரித்துவிடுகிறது. உறை போன இடத்தில், உடல் சூடு அரை டிகிரி கூடினாலே செய்தி தடுமாறும். சூடு தணிந்தால் பழையபடி ஓடும். இதனால் நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் இல்லை.

1890இல் இதை முதலில் எழுதிவைத்தவர் வில்ஹெல்ம் உட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். அவர் பழியை உடற்பயிற்சி மேல் போட்டார். சூடுதான் காரணம் என்பது பிறகே தெரிந்தது. ஆனால் ‘உடம்பை அலட்டிக்காதீங்க’ என்ற அறிவுரை மட்டும் பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டது. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், 15 வாரம் கையாலும் காலாலும் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெம்பு கூடியது, நோய் மோசமாகவில்லை. அந்த அறிவுரையை இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

இருபது நிமிடத்தைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். கிளம்பும் முன் குளிர்ந்த நீர் குடியுங்கள், கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள். மங்கும்போது நின்றுவிடுங்கள், அந்தக் கண்ணோடு சாலையைக் கடக்காதீர்கள். காய்ச்சல் எதுவும் இல்லாமல் மங்கல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

காலையில் எழும்போதே அசதி. இதில் பயிற்சி வேறா?

வீட்டில் இதைச் சோம்பல் என்கிறார்களா? அது நோயின் அறிகுறி, அவர்களுக்கும் படித்துக்காட்டுங்கள். இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுகிறீர்களா, ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். நான் சொல்லும் கணக்கு எளிது: பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி, வராவிட்டால் அடுத்த முறை குறையுங்கள். பாதிப்பு மிதமாக உள்ளவர்களுக்கு வாரம் இரண்டு நாள் 30 நிமிட நடை அல்லது சைக்கிள், இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது பொதுவான இலக்கு. அதை எட்ட மாதக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை.

இடது கால் அடிக்கடி இடறுகிறது. கைத்தடி பிடிக்க வெட்கமாக இருக்கிறது.

உங்கள் இடது ஷூவைத் திருப்பிப் பாருங்கள். முனை மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் சரியாகத் தூக்கவில்லை என்று அர்த்தம். கணுக்காலுக்கு ஸ்பிளின்ட் (பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் உறை) போட்டால் நிறையப் பேருக்கு இடறல் குறைகிறது. தடியை வலது கையில் பிடியுங்கள், பலவீனமான காலுக்கு எதிர்ப்பக்கம். வெட்கம் கொஞ்ச நாளில் போகும், விழுந்து உடைந்த இடுப்பு ஆற நாளாகும்.

பயிற்சி வகுப்பின் நடுவே பாத்ரூம் போக வேண்டிவருகிறது என்று தண்ணீரைக் குறைத்துவிட்டேன். சரியா?

தவறு. சிறுநீர் அடர்ந்தால் பை இன்னும் எரிச்சலாகும், தொற்றும் வரலாம். தொற்றோடு காய்ச்சல் வந்தால் எல்லா அறிகுறியும் தலைதூக்கும். கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள், போதும்.

ஆதரவுக் குழுவில் சேரச் சொல்கிறார்கள். அங்கே வீல்சேரில் இருப்பவர்களைப் பார்க்கப் பயம்.

இந்தப் பயத்தைப் பலர் என்னிடம் தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார்கள். எம்.எஸ். ஒரே பாதையில் போகாது, வீல்சேரில் இருப்பவரின் நிலை உங்கள் நாளைய நிலை என்று கணக்குப் போட முடியாது.

1945 மே 1 அன்று சில்வியா லாரி என்ற பெண், தம்பிக்காக நியூயார்க் டைம்ஸில் ஒரு வரி விளம்பரம் கொடுத்தார்: எம்.எஸ். வந்து குணமானவர்கள் தொடர்புகொள்ளவும் என்று. பதில் எழுதியவர்களோ பெரும்பாலும் அதே நம்பிக்கையைத் தேடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களைச் சேர்த்துத்தான் அடுத்த ஆண்டு அமெரிக்காவின் எம்.எஸ். சங்கத்தைத் தொடங்கினார்.

மருந்தை நிறுத்தச் சொல்லும், ‘நிச்சயம் குணம்’ என்று எதையாவது விற்கும் குழு என்றால் வெளியே வந்துவிடுங்கள். சேர்ந்து பயிற்சி செய்யும் குழு கிடைத்தால் அதுதான் என் தேர்வு, கை கால் அசையும்போது பேச்சும் தானாக வரும். முதல் நாள் பேசக்கூட வேண்டாம், ஃபேனுக்கு அடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.