அக்காவக் கேளுங்க: மலையில இருக்கோம், கடலுக்கு எதுக்குப் போறோம்?

இந்த தடவ வந்த கடுதாசில பாதிக்கு மேல சிரமதானம், மரம் நடுறது, கடற்கரை கிளீன் பண்ணுறதுனு ஒரே விசயம்தான். 2025 நவம்பர்ல வந்த டிட்வா புயலுக்கு பொறகு எல்லாருக்கும் ஏதாவது செய்யணும்னு ஒரு வேகம் வந்திருக்கு, நல்லதுதான். பேரு ஊரெல்லாம் சொல்லல, பக்கத்து டவுன மட்டும் போட்டிருக்கேன்.

மஸ்கெலியாவுல இருந்து ஒரு தம்பி: அக்கா, எனக்கு 20 வயசு. எங்க இளைஞர் கழகத்துல புத்தளம் பக்கம் கல்பிட்டிக்கு, கடலோரச் சேத்துல வளருமே அந்த கண்டல் செடி நடுறதுக்கு கூட்டிட்டுப் போறாங்க, பஸ் காசு மட்டும் நம்ம கையில இருந்து. எங்கப்பா திட்டுறாரு, "லயத்து வீட்டுக்கு முன்னால தண்ணி போற கான் அடைச்சு நாறிக்கிட்டு கெடக்கு, அத பாக்க ஆளில்ல, கடலுக்கு எதுக்குடா போற"னு. போகவா வேணாமா?

தம்பி, அப்பா சொல்றதுல பாதி சரி, பாதி தப்பு. மொதல்ல தப்ப சொல்லிடுறேன். நம்மளுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லனு யாரு சொன்னா, களனி கங்கை எங்க ஆரம்பிக்குது, சிவனொளிபாதமலை பக்கத்துலதான, ஒங்க மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேந்துதான் களனி ஆகுது, அது 145 கிலோமீட்டர் ஓடி கொழும்புல கடல்ல விழுது. மகாவலியும் நம்ம மலையிலதான் பொறக்குது, 335 கிலோமீட்டர் போயி திருகோணமலையில கடல சேருது. ஒங்க கான்ல கெடக்குற பிஸ்கட் பேப்பரும் யோகட் கப்பும் ஒரு பெரிய மழைக்கு ஓயாவுக்கு போயிரும். எல்லாமே நேரா கடலுக்கு போகாது, நடுவுல அணைக்கட்டுல மாட்டிக்கும், அதையும் சொல்லணும். மவுஸ்ஸாகலை அணையில தண்ணி வத்துற காலத்துல உள்ள முங்கின பழைய மஸ்கெலியா கோயில் வெளிய தெரியும்ல, ஊரே பாக்க போகும், நானும் போனேன், கோயிலச் சுத்தி சேத்துல பொதஞ்சு கெடந்த போத்தலுங்கள பாத்துட்டு சாமி கும்பிடவே மனசு வரல.

இப்ப அப்பா சொன்னதுல சரியான பாதி. கல்பிட்டி போறதுக்கு முன்னால கூட்டிட்டுப் போறவங்ககிட்ட சில கேள்வி கேளு, கூச்சப்படாத. 2004 சுனாமிக்கு பொறகு நம்ம நாட்டுல கரையோரம் பூரா கண்டல் நட்டாங்க, பணமும் வந்துச்சு, ஆளும் வந்துச்சு. ஆராய்ச்சிக்காரங்க பொறகு 23 எடத்துக்கு போயி பாத்தா 9 எடத்துல ஒத்தச் செடி கூட உசுரோட இல்ல, 1,000 ஹெக்டேருக்கு மேல நட்டதுல தப்பிச்சது 200 சொச்சம்தான். ஏன்னா எல்லாரும் ஒரே வகைய நட்டாங்க, முருங்கைக்கா மாதிரி தொங்குமே அந்த நாத்து, புடுங்கி சேத்துல குத்திட்டா வேல முடிஞ்சுச்சு, போட்டோவுக்கும் அழகா இருக்கும். ஆனா கண்டலுக்கு தண்ணி ஏறி எறங்குற கணக்கு வேணும், எந்நேரமும் தண்ணிக்குள்ள நின்னா அழுகும், தண்ணியே வராத மேட்டுல நட்டா காயும், மாடு மிதிக்கும். நட்டவங்க பஸ் ஏறி போயிட்டாங்க, பாத்துக்க ஆளில்ல.

அதனால கேளு: இந்த எடத்துல முந்தி கண்டல் இருந்துச்சா, இருந்தா ஏன் அழிஞ்சுச்சு, தண்ணி எம்மட்டுக்கு வரும், எத்தன வகை நடுறீங்க, அடுத்த வருசம் யாரு பாப்பா. புத்தளம் பக்கம் எறால் பண்ணைக்குனு வெட்டின காடு ரொம்ப, பொறகு எறாலுக்கு நோய் வந்து குளத்த எல்லாம் அப்பிடியே போட்டுட்டு போயிட்டாங்க. அந்த மாதிரி எடத்துல செடி நடுறத விட வரப்ப வெட்டி விட்டு கடல் தண்ணிய பழையபடி உள்ள விடுறதுதான் பெரிய வேல, தண்ணி வந்தா பக்கத்து மரத்து நாத்து தானா மெதந்து வந்து புடிச்சுக்கும். ஆனைவிழுந்தான் சரணாலயத்துல அப்பிடித்தான் செய்றாங்க. இப்பிடி பொறுமையா செஞ்ச வேலைக்குத்தான் 2024ல ஐக்கிய நாடுகள் சபை இலங்கையோட கண்டல் மீளமைப்ப உலக முன்மாதிரி திட்டங்கள்ல ஒண்ணா சேத்துச்சு. ஒங்க ஆளுங்க வரப்பு வெட்ட கூட்டிட்டுப் போனா ரெட்ட சந்தோசமா போ, மம்பட்டி புடிக்க நம்மள மாதிரி யாரு இருக்கா. போறதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம அந்த கானையும் வழிச்சு விட்டுட்டு போ, அப்பா பஸ் காசும் குடுப்பாரு.

நானுஓயா பக்கம் ஒரு தங்கச்சி: எங்க பீலியில மாசி பங்குனி ஆனா தண்ணி நூலா வருது. ஊத்துக்கு மேல மரம் நடலாம்னு பொம்பளைங்க பத்து பேரு சேந்திருக்கோம். என்ன மரம் நடுறது?

தங்கச்சி, மரத்துக்கு முன்னால தோட்ட நிர்வாகத்துல எழுத்துல அனுமதி வாங்கிக்குங்க, இல்லனா நீங்க நட்டத நாளைக்கு கவ்வாத்து வெட்டுறப்ப சேத்து வெட்டிட்டு "எங்களுக்கு தெரியாதே"னுவாங்க. எனக்கு நடந்தது, ஒரு அமைப்பு வந்து எங்க டிவிசன்ல முன்னூறு மரக்கண்டு நட்டுச்சு, பேனர் கட்டி, கேக் வெட்டி, நாங்களும் கைதட்டினோம். மூணு மாசத்துல பாதிய மாடு தின்னுச்சு, மீதிய புல்லு வெட்டுற மிசின் தின்னுச்சு. பேனர் மட்டும் ரொம்ப நாள் ஒரு வீட்டு கோழிக்கூட்டுக்கு கூரையா இருந்துச்சு.

ஊத்து கண்ண தொடாதீங்க, அதச் சுத்தி இருக்கிற பன்னச் செடி, பாசி எல்லாம் இருக்கட்டும், சுத்தம் பண்றேன்னு அதச் செதுக்குறதுதான் பல எடத்துல நடக்குற மொத தப்பு. டர்பன்டைன்னு நம்ம சொல்ற யூக்கலிப்டஸ் மரம் மட்டும் வேணாம், சீக்கிரம் வளருது, வெறகுக்கு ஆகும், எல்லாம் சரி, ஆனா அது வளர்ற வேகத்துக்கு தண்ணியும் குடிக்கும். பக்கத்து காட்டோரத்துல தானா மொளைச்சு நிக்கிற கண்டு எதுவோ அதுதான் ஒங்க மண்ணுக்கு பழகினது, வனத் திணைக்கள நாத்துமேடையில கேட்டாலும் ஒசரத்துக்கு ஏத்த மாதிரி சொல்லுவாங்க. பத்து பேருக்கு அம்பது கண்டு போதும், ஒரு ஆளுக்கு அஞ்சு, வெயில் காலத்துல ரெண்டு வருசம் தண்ணி ஊத்தணும்ல. கண்டுக்கு நடுவுல வெட்டிவேரோ மானாப்புல்லோ சரிவுக்கு குறுக்கால வரிசையா வைங்க, மழத்தண்ணி நின்னு எறங்கும், மண்ணும் ஓடாது. அந்த மண்ணு ஓடித்தான் கொத்மலை அணையிலயும் ரந்தெம்பை அணையிலயும் போயி ரொம்புது.

இன்னொண்ணு, இத வெளையாட்டா எடுக்காதீங்க. மேட்டுல புதுசா வெடிப்பு தெரிஞ்சா, மரமோ போஸ்டோ சாஞ்சிருந்தா, ஊத்து திடீர்னு கலங்கி வந்தா இல்லனா நின்னு போனா, அது மண்சரிவுக்கு அறிகுறி, அங்க மம்பட்டியே போடக்கூடாது, கிராம சேவகர்கிட்ட சொல்லுங்க, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க வந்து பாக்கணும். 2014 அக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவ நம்ம யாரும் மறக்கல. 2025 நவம்பர் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஹப்புத்தளையில இருந்து ஒரு டீச்சர்: போயாவுக்கு போயா (பௌர்ணமி லீவுக்கு) புள்ளைங்கள வச்சு சிரமதானம் செய்றோம், அடுத்த கெழம அதே குப்பை. மனசு விட்டுப் போச்சு.

டீச்சர், பொறுக்கின குப்பை எங்க போச்சு? அத நீங்க எழுதவே இல்லையே. மூட்ட கட்டி ரோட்டோரம் வச்சா டிரக்டர் வர்றதுக்கு முன்னால நாய் பிரிச்சுரும், இல்லனா யாராவது கொளுத்துவாங்க, பொலித்தீன் பொகைய புள்ளைங்கதான் குடிக்கும். சிரமதான தேதிய போயாவுக்கு வைக்காம பிரதேச சபை டிரக்டர் வர்ற நாளுக்கு முந்தின நாளா மாத்துங்க, இது ஒண்ணே பாதி பிரச்சினைய தீக்கும். போத்தல், தகரம், கார்ட்போர்ட் பழைய சாமான் வாங்குறவர் எடுப்பாரு. சமையல் கழிவு குழிக்கு. அப்ப மிஞ்சுறது என்னான்னு புள்ளைங்கள எண்ணச் சொல்லுங்க, ஷாம்பு பேக்கட்டா, பிஸ்கட் உறையா, சோறு மடிக்கிற லன்ச் ஷீட்டா, நோட்டு புத்தகத்துல எழுதட்டும். லன்ச் ஷீட்டுக்கும் மெல்லிசு சொப்பிங் பேக்குக்கும் 2017லயே தடைச் சட்டம் வந்துச்சு, ஆனாலும் ஒங்க கான்ல எத்தன கெடக்குனு எண்ணி கடைக்காரர்கிட்ட புள்ளைங்களே காட்டினா அவருக்கே ஒரு மாதிரி ஆகும். ஒங்க ஊரு கூர மாதிரி ரெண்டு பக்கமும் சரியுற முகட்டு மேல நிக்கிற ஊரு வேற, தெக்கு பக்கம் விழுந்த மழ வளவை கங்கைக்கு, வடக்க விழுந்தது உமா ஓயா வழியா மகாவலிக்குனு ரெண்டு பக்க கடலுக்கும் ஒரே மழையில குப்பை அனுப்புற வசதி எல்லாருக்கும் கெடைக்காது.

பண்டாரவளை வாசகர்: சுனாமிய தடுக்க கடலோரம் சவுக்கு நட்டாங்களாமே, நம்ம தேயில மலையில சவுக்கு கண்டு சும்மா மொளைக்குது, லொறியில ஏத்தி அனுப்பலாமா?

ஐயா, ஒங்க நல்ல மனசுக்கு நன்றி, லொறிய நிப்பாட்டுங்க. நம்ம சவுக்கு வேற, அவங்க சவுக்கு வேற. தேயிலைக்கு நெழலுக்கு நிக்கிறது கிரெவிலியா, மணல்ல நிக்கிறது ஊசி ஊசியா எலை வச்ச கெசுரினா, பேரு மட்டும்தான் ஒண்ணு. அந்த சவுக்கையும் நெருக்கி நட்டா கீழ ஒண்ணும் வளராது. மணல் மேட்ட புடிச்சு வைக்கிறது அடம்பன் கொடியும் இராவணன் மீசைனு சொல்ற முள்ளுப் புல்லும்தான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்குனு சொல்றது சும்மா இல்ல, அது திரண்டு கெடக்குற எடத்துல காத்து மணல தள்ளிப் பாத்து ஏலாம நிக்கும். கிளீனிங்குக்கு போறவங்க அதையும் குப்பைனு இழுத்துப் போட்டுராதீங்க, பாத்திருக்கேன்.

கம்பளையில இருந்து ஒரு மகள்: கடற்கரை கிளீனிங் எப்ப நடக்கும்? கையால பொறுக்கி என்னா ஆகப்போகுது?

செப்டம்பர் மூணாவது சனிக்கெழம உலகம் பூரா நடக்கும், மகள். 2021ல எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்சு சவ்வரிசி மாதிரி பிளாஸ்டிக் மணி டன் கணக்குல கர ஒதுங்குனப்ப மிசினால ஒண்ணும் பெருசா செய்ய முடியல, ஆளுங்கதான் மணல சல்லடையில சலிச்சு, வாளி தண்ணியில போட்டு, மெதக்குறத அள்ளினாங்க. கையாலதான் ஆச்சு. தொப்பி, தண்ணி போத்தல், கையொற கொண்டு போ, ஊசி கண்ணாடி கெடக்கும்.

ஹட்டன் தம்பி ஒருத்தர்: வொலண்டியரா போனா சர்டிபிகேட் குடுப்பாங்களா?

குடுப்பாங்க. சில எடத்துல டீசேர்ட்டும் சோத்துப் பார்சலும் சேத்து. பேர நீங்களே எழுதிக் குடுங்க, என்னோடதுல "திரு"னு போட்டு ஒரு ஆம்பள பேரு அடிச்சிருக்கு, அதுதான் எங்க வீட்டு செவுத்துல தொங்குது.