கால் மாறினால் குத்து மாறுமா?

கேள்வி: க்ராஃபோர்டு போன்ற குத்துச்சண்டை வீரர்கள் இடது காலை முன்வைத்துச் சண்டை போட்டுக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென வலது காலை முன்வைத்து நிற்கிறார்களே, எதிராளியைக் குழப்புவதைத் தவிர அதில் என்ன லாபம்? பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் என் அக்கா மகனும் கண்ணாடி முன்னால் அப்படியே ஆடுகிறான்.
- வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: குழப்பம்தான் லாபம் என்றால் அது அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். உலகப் பட்டத்துக்கு மோதுகிறவன், வலது காலை முன்வைக்கும் ‘சவுத்பா’ நிலையைக் கண்டு மிரள்வானா?

நீங்கள் கையைப் பார்க்கிறீர்கள். விஷயம் காலில் இருக்கிறது. 1897 மார்ச் 17, அமெரிக்காவின் கார்சன் சிட்டி. ஹெவிவெயிட் சாம்பியன் கார்பெட்டுக்கு எதிரே, அவரைவிட எடை குறைந்த பாப் ஃபிட்ஸிம்மன்ஸ். 14ஆவது சுற்றில் ஃபிட்ஸிம்மன்ஸ் பின்னால் இருந்த வலது காலை முன்னே எடுத்து வைத்தார். அந்த ஒரே அடியில் இடைவெளி சுருங்கியது; அதுவரை முன்கையாக இருந்த இடக்கை பின்கையானது. பின்கைக்குத்தான் இடுப்பு முழுதாகத் திரும்பி வலு கொடுக்கும். அந்தக் கை நெஞ்சுக்குழியில் இறங்கியது. கார்பெட்டுக்கு நினைவு தப்பவில்லை, மூச்சுதான் நின்றுபோனது. பத்து எண்ணி முடிப்பதற்குள் எழ முடியவில்லை. குழம்பியதாலா விழுந்தார்?

க்ராஃபோர்டு கதை இன்னொரு வகை. 2014இல் ஒமாஹாவில் எதிராளி காம்போவாவின் வேகம் அவரை ஆரம்பச் சுற்றுகளில் திணறடித்தது. பிறகு சவுத்பாவுக்கு மாறினார். நீளமான வலக்கை முன்னுக்கு வந்து, குள்ளமான காம்போவாவை உள்ளே விடாமல் தடுத்தது; துணிந்து உள்ளே பாய்ந்தபோதெல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்டார். ஐந்தாவது சுற்றில் விழுந்தவருக்கு ஒன்பதாவதில் ஆட்டம் முடிந்தது. ஒமாஹா க்ராஃபோர்டின் சொந்த ஊர். அரங்கம் என்ன கூச்சல் போட்டிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்கு விலையும் உண்டு. கால் மாறும் அந்த நொடியில் இரண்டு பாதமும் முன்பின் இல்லாமல் பக்கம் பக்கமாக நிற்கும். அப்போது நெஞ்சில் ஒரு நேர்க்குத்து விழுந்தால் மல்லாந்துவிட வேண்டியதுதான். அதனால்தான் தெரிந்தவர்கள் குத்திக்கொண்டே மாறுவார்கள், அல்லது எட்டாத தூரத்தில் நின்று மாறுவார்கள்.

காரணமே இல்லாமல் மாறியவருக்கும் உதாரணம் இருக்கிறது. மார்வின் ஹேக்லர் இயல்பில் வலக்கைக்காரர். ஆனால் சவுத்பாவாகவே நின்று மிடில்வெயிட் எடைப் பிரிவை ஆண்டவர். 1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸில் லெனார்டோடு மோதியபோது முதல் இரண்டு சுற்றுகளை மட்டும் இடது காலை முன்வைத்து ஆடினார். ஏன் என்று இன்றுவரை சண்டை ரசிகர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இரண்டு சுற்றும் லெனார்டுக்குப் போயின. முடிவில் ஒரு நடுவர் ஹேக்லருக்கு 115-113 கொடுத்தார். இன்னொருவர் அதே கணக்கை லெனார்டுக்குக் கொடுத்தார். மூன்றாமவர் லெனார்டுக்கு 118-110 என்று வாரி வழங்கினார். அந்த இரண்டாமவரின் தாளில் ஒரே ஒரு சுற்று ஹேக்லர் பக்கம் சாய்ந்திருந்தால் சண்டை டிரா, பட்டம் சாம்பியன் ஹேக்லரிடமே தங்கியிருக்கும்.

உங்கள் அக்கா மகனுக்கு வருவோம். கண்ணாடி திருப்பிக் குத்தாது, அதன் முன்னால் எப்படி வேண்டுமானாலும் ஆடலாம். ஒரே நிலையில் நின்று முன்கையால் நேராக ஒரு ‘ஜாப்’ குத்துப் போட்டுவிட்டுத் தடுமாறாமல் பின்வாங்க வருகிறதா என்று அவனுடைய பயிற்சியாளரைக் கேளுங்கள். வரவில்லையென்றால் வலது காலை இப்போதைக்குப் பின்னாலேயே வைத்திருக்கட்டும்.