முன் ஃபோர்க்கை ஏற்றிக் கட்டினால் மோட்டார் சைக்கிள் இலகுவாக வளையுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 125 சிசி வண்டி. முன் ஃபோர்க் குழாய்களை மேலே தள்ளிக் கட்டி முன்பக்கத்தைப் பதித்தால் வளைவில் நன்றாகத் திரும்பும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? ரேக், டிரெயில் என்பவை என்ன?

பதில்: உண்மைதான், திரும்பும். அதே வேலையை இருபத்திரண்டு வயதில் நானும் செய்தேன். குழாய்களை 40 மில்லிமீட்டர் மேலே தள்ளி, குழாய்களைப் பிடித்திருக்கும் தகடுகளின் போல்ட்டுகளை இறுக்கி, சற்று விலகி நின்று பார்த்தேன். பாயப் போகும் கடுவன் பூனைபோல் முன்பக்கம் பதிந்து நின்றது. சொல்லப்போனால் அந்த அழகுக்காகத்தான் செய்தேன். வளைவு பற்றிய பேச்சு வீட்டாருக்குச் சொல்லிய காரணம். எங்கள் ஏ9 வீதியில் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரை வளைவு என்று சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்த நாள் அதே வீதியில் வேகம் மணிக்கு 75 கிலோமீட்டரைத் தாண்டியபோது ஹாண்டில் நடுங்கத் தொடங்கியது. முதலில் விரல் நுனியில் ஒரு கூச்சம்போல இருந்தது. பிறகு முழங்கைவரை ஏறியது. இறுக்கிப் பிடித்தேன், இன்னும் மோசமாக ஆடியது. வேகத்தை மெதுவாகக் குறைத்து முறிகண்டிப் பிள்ளையார் வாசலில் நிறுத்தி இறங்கியபோது, கச்சான் விற்ற அம்மா என் கையைப் பார்த்து, "தம்பிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார்.

என்ன நடந்தது என்று விளங்க இரண்டு அளவுகள் தெரிந்தால் போதும். ஹாண்டில் திரும்பும் அச்சு நெட்டுக்குத்தாக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது அல்லவா, அந்தச் சாய்வின் கோணம்தான் ரேக். சாதாரண வண்டிகளில் இது 26 பாகைக்கு அருகில் இருக்கும். பந்தய வடிவ வண்டிகளில் 23, 24. கால் நீட்டி ஓட்டும் குரூசர்களில் 30ஐயும் தாண்டும். இனி, அந்த அச்சை ஒரு கோடாக நினைத்து நிலம்வரை நீட்டுங்கள். அந்தக் கோடு நிலத்தைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் நிலத்தைத் தொடுகிறது. இடையிலுள்ள தூரம் டிரெயில். வைத்தியசாலைக் கட்டிலைத் தள்ளும்போது அதன் சிறு சில்லுகள் தாமாகச் சுழன்று பின்னால் போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் சைக்கிளின் முன் சில்லும் அப்படித்தான் அச்சின் பின்னால் இழுபட்டு வருகிறது. கல்லில் பட்டுத் திரும்பினாலும் தானாக நேராகிவிடும். டிரெயில் கூடினால் நேராக ஓடும் பிடிவாதம் கூடும், திருப்பக் கை பலம் வேண்டும். குறைந்தால் சொன்னவுடன் திரும்பும், கூடவே சிறு குலுக்கலுக்கும் பதில் சொல்லத் தொடங்கும்.

இங்கே பலரும் தவறுகிற ஓர் இடம் இருக்கிறது. துவிச்சக்கர வண்டியின் முன் கவட்டை நுனியில் முன்னோக்கி வளைந்திருப்பதைக் கண்டு, அது டிரெயிலைக் கூட்டுவதற்காக என்று நினைக்கிறார்கள். அந்த வளைவு டிரெயிலைக் குறைக்கிறது. மோட்டார் சைக்கிளில் வளைவுக்குப் பதிலாகக் குழாய்களையே திருப்பு அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். என் வண்டியில் அது 50 மில்லிமீட்டர், டயரோடு சேர்த்துச் சில்லின் ஆரம் 300. கணக்குப் போட்டால் 26 பாகையில் டிரெயில் ஏறக்குறைய 91 மில்லிமீட்டர் வருகிறது. முன்பக்கத்தை 40 பதித்தபோது ரேக் 24 பாகைக்குப் பக்கத்தில் இறங்கி, டிரெயில் 80 ஆகிவிட்டது. பதினொரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 91இல் அது எட்டில் ஒரு பங்கு.

ஆனால் முழுப் பழியையும் அந்தப் பதினொன்றின் தலையில் போட முடியாது. 80 மில்லிமீட்டரோடு ஒழுங்காக ஓடும் வண்டிகள் உண்டு. எங்கள் ஊர்க் கராஜில் வேலை பார்த்த ஓர் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஃபோர்க்கைப் பார்க்கவேயில்லை. நடு ஸ்டாண்டில் ஏற்றி, என்னைப் பின்பக்கம் அழுத்தச் சொன்னார். முன் சில்லு நிலத்தைவிட்டு எழுந்ததும் ஃபோர்க்கின் இரு கீழ் நுனிகளையும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளினார். வண்டியின் கழுத்தில், அதாவது ஹாண்டில் அச்சு சட்டகத்துக்குள் திரும்பும் இடத்தில், 'கடக்' என்றது. பிறகு இரண்டு விரலால் ஹாண்டிலை மெல்லத் திருப்பினார். நடுவுக்கு வந்ததும் பள்ளத்தில் விழுந்ததுபோல் தானாக நின்றது. "தம்பி, நீங்கள் கோணத்தை மாற்றியது பாதி, கழுத்து தேய்ந்தது பாதி" என்றார்.

கிறவல் வீதியில் ஓடும் வண்டிகளுக்கு இது எழுதி வைத்த வியாதி. பெரும்பாலும் ஹாண்டில் நேராக இருக்கும்போதுதான் குழிகளில் விழுகிறோம். அதனால் கழுத்துப் பேரிங்கின் குண்டுகள் ஒரே இடத்தில் அடித்து அடித்துக் கிண்ணத்தில் குழி போடுகின்றன. அதை மறைக்க நட்டை இறுக்கினால் ஆட்டம் நிற்கும், ஆனால் ஹாண்டில் தானாக நேராகும் குணமும் போய்விடும். வண்டி கள்ளுக் குடித்தவர்போல் மெதுவாக அலைந்து போகும். கிண்ணத்தையும் குண்டுகளையும் மாற்றுவது ஒன்றே வழி. மாற்றினோம். பழைய கிண்ணத்தைத் துடைத்து என் கையில் தந்தார். உள்ளே பல்லாங்குழிபோல் வரிசையாகக் குழிகள்.

இனி, இந்தக் கேள்வியில் நீங்கள் கேட்காத, ஆனால் வன்னியில் வண்டி ஓட்டும் எவருக்கும் முக்கியமான விடயம்: சுமை. ரேக் என்பது தொழிற்சாலையில் ஒட்டிவிட்ட எண் என்று நினைத்திருந்தேன். ஒரு போகம் முடிந்த நேரம், அக்கராயனிலிருந்து நெல் மூட்டையோடு வந்த என் மைத்துனரின் வண்டியைச் சீமெந்துத் தரையில் நிறுத்தி, கைத்தொலைபேசியிலுள்ள கோணமானியை ஃபோர்க் குழாயோடு ஒட்டிப் பிடித்தேன். 28 காட்டியது. மூட்டையை இறக்கிவிட்டுப் பிடித்தேன், 26. பின் ஸ்பிரிங் அமுங்கியதால் வண்டி முழுவதும் பின்னால் சாய்ந்து, ஒரு குறடும் தொடாமலே இரண்டு பாகை மாறிவிட்டது.

என் வண்டியின் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், 28 பாகையில் டிரெயில் 103 ஆகிறது. அப்படியானால் மூட்டையோடு வண்டி இன்னும் உறுதியாக அல்லவா ஓட வேண்டும்? மைத்துனரைக் கேட்டால் சிரிப்பார். டிரெயில் எவ்வளவு நீளமாக இருந்தாலும் டயரை நிலத்தோடு அழுத்த எடை வேண்டும். 65 கிலோ மூட்டையின் நடுப்பகுதி பின் அச்சுக்கு ஒரு சாண் பின்னால் இருந்தால், இரு சில்லுகளுக்கும் இடையே 1,250 மில்லிமீட்டர் உள்ள வண்டியில் முன் சில்லிலிருந்து 12 கிலோ தூக்கப்படுகிறது. அதே மூட்டையை அச்சுக்கு ஒரு சாண் முன்னால், இருக்கையின் மேல், ஓட்டுபவரின் முதுகு முட்டக் கட்டினால் 12 கிலோ முன்னால் சேர்கிறது. இரண்டு சாண் இடமாற்றத்தில் 24 கிலோ வித்தியாசம். எந்த ஃபோர்க் திருத்தமும் இவ்வளவு தராது. பின் கரியரின் நுனியில் மூட்டையைக் கட்டி, முன்பக்கம் ஆடுகிறது என்று கராஜுக்கு வருபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

2011இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தையும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு சிறிய இருசில்லு வண்டியைச் செய்து காட்டினார்கள். அதில் சில்லுகள் சுழல்வதால் வரும் சமநிலை விளைவு இல்லை. டிரெயிலும் இல்லை, டயர் நிலத்தைத் தொடும் இடம் திருப்பு அச்சின் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே இருந்தது. ஆளில்லாமல் தள்ளிவிட்டும் அது விழாமல் ஓடியது. எடை எங்கே இருக்கிறது என்பதை வைத்தே அதைச் சாதித்தார்கள். படித்தபோது எனக்கு நெல் மூட்டைதான் நினைவுக்கு வந்தது.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முல்லைத்தீவுக் கரையோர ஒழுங்கைகளில் முன் சில்லு மணலை முன்னால் குவித்துத் தள்ளுகிறது. தடை வரும் இடம் முன்னே நகர்வதால் டிரெயில் குறைந்ததுபோல் வண்டி நடந்துகொள்ளும். ஹாண்டில் இரு பக்கமும் பறிக்கும். அங்கே உடலைப் பின்னால் சாய்த்து, எஞ்சினை விடாமல் இழுக்க வையுங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் ஃபோர்க் அமுங்கி, இருக்கும் கொஞ்ச டிரெயிலும் போய்விடும். தார் வீதியில் அதே அமுங்கல் நன்மை: பிரேக் பிடித்தபடி வளைவுக்குள் நுழையும்போது வண்டி இலகுவாகத் திரும்புவது அதனால்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். செய்தே ஆக வேண்டும் என்றால் 5 மில்லிமீட்டர் ஏற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள், பிறகு இன்னொரு 5. பத்துக்கு மேல் நான் போக மாட்டேன். இரு குழாய்களும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று அடிமட்டத்தால் பாருங்கள். அதற்கு முன் கழுத்தைச் சோதியுங்கள், டயர் காற்றைப் பாருங்கள். 40 ஏற்றிய நாட்களில் என் வண்டிக்கு வந்த இன்னொரு வினையையும் சொல்லிவிடுகிறேன்: பெரிய குழி ஒன்றில் ஃபோர்க் முழுவதும் அமுங்கியபோது, முன் மட்காட் கீழ்த் தகட்டில் மோதி இரண்டாகப் பிளந்தது. அந்த மாரி முழுவதும் சேறு என் முகத்துக்கே வந்தது.