வெட்டாத மரத்துக்கு ரசீது

கேள்வி: மகளுக்கு விமான டிக்கெட் எடுத்தபோது, இன்னும் சில நூறு ரூபாய் செலுத்தினால் பயணத்தின் கார்பனுக்கு ஈடாக மழைக்காடு காக்கப்படும் என்று திரையில் வந்தது. கட்டிவிட்டேன். அது பழங்குடிகளுக்குப் போகிறதா, நான் ஏமாந்தேனா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முப்பத்திரண்டு ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கங்களைத் தணிக்கை செய்தவன் நான். யூரியா மூட்டைக்கு ரசீது பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வெட்டாத மரத்துக்கு ரசீது என்றதும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் வியாபாரம் அதுதான். திட்டம் இல்லாவிட்டால் இத்தனை ஹெக்டேர் காடு அழிந்திருக்கும் என்று ஓர் அனுமானம் போடுவார்கள். உண்மையில் அழிந்ததை அதிலிருந்து கழித்து, மிச்சமான காட்டில் வெளியேறாமல் தங்கிய கார்பனை டன் கணக்கில் விற்பார்கள். அனுமானத்தைக் கொஞ்சம் ஏற்றி எழுதினால் சரக்கும் ஏறிவிடும். எலி தின்றதாக ஒரு சங்கத்தில் எழுதி வைத்திருந்த நெல்லைக் கூட்டிப் பார்த்தபோது, அந்த ஊர் எலிகள் யானை அளவு இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது!

ஆனாலும் எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். பிரேசிலின் ரொண்டோனியா மாநில எல்லையில் பைத்தர் சுருயி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வெளியுலகம் அவர்களை முறைப்படி சந்தித்தது 1969 செப்டம்பர் 7 அன்று. அவர்கள் நிலத்துக்கே அந்தத் தேதிதான் பெயர். பின்னாலேயே தட்டம்மையும் காசநோயும் வந்தன. சில நூறு பேரே மிஞ்சினார்கள். அடுத்து மரவியாபாரிகள் வந்தார்கள். மருந்துக்கும் பிழைப்புக்கும் வேறு வழியின்றி, சுருயி தலைவர்களில் சிலரே மரம் விற்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அல்மிர் என்ற இளந்தலைவர் கணக்கைத் திருப்பிப் போட்டார். மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டு, நின்ற மரத்துக்குக் காசு கேட்டார். சுமார் 2,48,000 ஹெக்டேர் நிலம். 2009-இல் தொடங்கிய 30 ஆண்டுத் திட்டம். எங்கே விதைக்கிறீர்கள், எவ்வளவு நிலம் வேண்டும் என்று மக்களையே கேட்டு அனுமானத்தைக் கட்டினார்கள். தணிக்கைக்காரனாக இதற்கு ஒரு சபாஷ் போடுவேன். 2013-இல் நாட்டுரா என்ற அழகுசாதன நிறுவனம் 1,20,000 டன் வாங்கியது. பழங்குடியினரே முன்னின்று நடத்திய முதல் காட்டுக் கார்பன் திட்டம் என்று உலகமே பேசியது.

பிறகு மண்ணுக்கடியில் தங்கமும் வைரமும் தட்டுப்பட்டன. பிரேசில் சட்டப்படி பழங்குடி நிலத்தை அனுபவிக்கும் உரிமை அவர்களுக்கு, கனிமம் அரசுக்கு. திருட்டுச் சுரங்கக்காரனுக்கோ சட்டமே இல்லை. கார்பன் பணம் மெதுவாக, பொதுக் காரியத்துக்கென்று வந்தது. தங்கம் விற்ற காசு அன்றைக்கே, ஆள் கையில் விழுந்தது. மக்களுக்குள்ளேயே பிளவு வந்தது. திட்டத்தை எதிர்த்தே ஒரு பிரிவு கடிதம் எழுதியது. காவல் காக்க வேண்டிய அரசு போதுமான அளவு காக்கவில்லை. மரங்கள் மீண்டும் விழ, 2018-இல் திட்டம் நிறுத்தப்பட்டது.

ஆகவே அம்மா, ரசீதில் திட்டத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், நிலம் யார் பெயரில், அனுமானம் போட்டது யார், பணத்தைப் பங்கிடுவது யார் என்று தேடுங்கள். பெயரே இல்லையா? நன்கொடைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மகள் பறந்த புகை கழிந்துவிட்டது என்று மட்டும் எழுத வேண்டாம்.

கேள்வி: கார்பன் பணம் நின்ற பிறகு அந்த மக்கள் என்ன செய்கிறார்கள்?
- ஒரு வாசகர், கூடலூர்

பதில்: காப்பி பயிரிடுகிறார்கள், உங்கள் ஊருக்குப் பிடித்த செய்தி. அவர்கள் நிலத்தில் அத்துமீறிக் குடியேறியவர்கள் எண்பதுகளில் வெளியேற்றப்பட்டபோது விட்டுப்போன காப்பிச் செடிகளை, வேண்டாதவன் நட்டது என்று எல்லாருமே வெட்டிப் போட்டுவிடவில்லை, சிலர் வைத்துக்கொண்டார்கள். இன்று அந்தக் கொட்டை பெரிய நிறுவனத்துக்கு விலைபோகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று எடைபோட்டு ரசீது கொடுக்கலாம், அனுமானம் தேவையில்லை.