மேசைக் கடிகாரத்தில் ஒரு தேசத் தலைவர் - கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் பொன்முலாம் பூசிய மேசைக் கடிகாரம் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் நிற்கிறார். செய்தது பாரிஸில்! தேசத் தலைவரை அலங்காரப் பொருளாக்கி விற்றது எனக்கு உறுத்துகிறது. இதையும் சிற்பக்கலையில் சேர்ப்பீர்களா?

எம்.

அன்புள்ள எம்.,

சேர்ப்பேன். நீங்கள் பார்த்தது 1810-களில் துபுக் என்ற பாரிஸ்காரர் அமெரிக்கச் சந்தைக்கென்றே செய்தவற்றில் ஒன்றாக இருக்கவேண்டும். உச்சியில் கழுகு. பக்கத்தில் ராணுவ உடுப்பும் பூட்ஸுமாக வாஷிங்டன். ஜான் டிரம்புல்லின் ஓவியத்தை ஒட்டிய உருவம். கீழே, போரிலும் அமைதியிலும் மக்கள் மனத்திலும் முதல்வர் என்று பொருள்படும் வாசகம், 1799-இல் அவர் இறந்தபோது ஹென்றி லீ ஆற்றிய இரங்கலுரையிலிருந்து எடுத்தது. போதாததற்கு, முகப்பில் கடை முகவரி! ஒட்டுவேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் அரசாங்கம் செய்வித்த சிலையின் கதையையும் கேளுங்கள். 1832-இல் அமெரிக்க காங்கிரஸ் ஹொரேஷியோ கிரீனோவிடம் வாஷிங்டனுக்குப் பளிங்குச் சிலை கேட்டது. அவர் கிரேக்கக் கடவுள் ஜீயஸை மனத்தில் வைத்துச் செதுக்கினார். திறந்த மார்பு, காலில் செருப்பு, இடுப்பைச் சுற்றித் துணி. 12 டன் எடையுள்ள அந்தச் சிலை 1841-இல் காங்கிரஸ் கூடும் கேபிடால் கட்டடத்தின் நடுக்கூடத்துக்கு வந்து சேர்ந்ததும் ஊர் சிரித்தது. தளபதி தம் உடைகளை எடுக்கக் கை நீட்டுகிறார் என்று கேலி பேசினார்கள். 1843-இல் அதை வெளியே புல்வெளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கிரீனோவுக்கு அரசு பணம் கொடுத்தது. துபுக்கின் சரக்கையோ எவராவது ஆசைப்பட்டு வாங்கியாகவேண்டும். வாங்குபவர்களுக்குத் தெரிந்த வாஷிங்டனை அவர் கொடுத்தார்.

உறுத்தவேண்டியது அந்தப் பொன்முலாம் என்பேன். பாதரசத்தில் தங்கத்தைக் குழைத்து வெண்கலத்தில் தடவி நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் படிந்துவிடும். ஆவி போவது வேலைக்காரரின் மூச்சுக்குள். கை நடுக்கம், பல் ஆட்டம், பிறகு படுக்கை. ரவ்ரியோ என்ற பாரிஸ் வெண்கலக் கலைஞர் இதைக் கண்ணால் பார்த்தவர். 1814-இல் அவர் இறந்தபோது, முலாம் பூசுவோரை இந்த நஞ்சிலிருந்து காக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் என்று உயில் எழுதி வைத்திருந்தார். நச்சுப்புகையை மேலிழுத்து வெளியேற்றும் உலையமைப்புக்காக தார்சே என்ற வேதியியலாளர் 1818-இல் அந்தப் பரிசைப் பெற்றார். துபுக்கின் கடிகாரங்கள் அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான்.

அந்தக் கடிகாரத்தின் விளக்கப் பலகையில் முலாம் பூசியவர்களைப் பற்றி ஒரு வரியாவது இருந்ததா? இருந்தால் எழுதுங்கள்.